பூனையின் குடலில் நார்ச்சத்து என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் கேட்பதில் பெரும்பகுதி சாப்பாடும் மோஷனும்தான். இசப்கோல், பரங்கிக்காய், தயிர்சாதம், 'ஹை ஃபைபர்' என்று எழுதிய பாக்கெட் என எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பூனையின் பெருங்குடலில் நார் எப்படி நொதிக்கிறது என்பதில். அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப்போகக் கொஞ்சம் சிக்கல். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன. அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

1. பூனை கறி திங்கிற பிராணி. அதுக்கு எதுக்கு டாக்டர் நார்ச்சத்து?

நியாயமான கேள்வி. பூனைக்கு அத்தியாவசியமான சத்துகளின் பட்டியலில் நார்ச்சத்து கிடையாது. டாரின் என்ற அமினோ அமிலம் இல்லாவிட்டால் இதயம் கெடும், வைட்டமின் ஏ இல்லாவிட்டால் கண் கெடும் என்பதுபோல நார்ச்சத்துக்கு ஒரு பற்றாக்குறை நோயைக் காட்ட முடியாது. வேட்டையாடி வாழும் பூனைகள் உண்பதை 2011-இல் தொகுத்துக் கணக்கிட்டார்கள். அவற்றின் ஆற்றலில் 52% புரதத்திலிருந்தும் 46% கொழுப்பிலிருந்தும் வந்தது. மாவுச்சத்து வகையிலிருந்து வந்தது வெறும் 2%.

ஆனால் பூனையின் பெருங்குடல் காலி இடம் இல்லை. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வருவது எதுவானாலும் அவற்றுக்குச் சாப்பாடு. அப்படி வருவது நாரா, புரதமா, பால் சர்க்கரையா என்பதைப் பொறுத்து மோஷனின் தன்மை, குடல் சுவரின் நிலை, ரத்தத்தில் போய்ச் சேரும் கழிவு எல்லாமே மாறுகின்றன. நார்ச்சத்தைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

2. நொதிக்குது, நொதிக்குதுன்னு சொல்றீங்களே, உள்ளே சரியா என்ன நடக்குது?

செடியின் நாரில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி (என்சைம்) பூனையின் உடம்பில் இல்லை. நம் உடம்பிலும் இல்லை. அதனால் நார் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்கு வந்துவிடுகிறது. அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத சூழலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அதை வெட்டும் நொதி இருக்கிறது. அவை வெட்டித் தின்று, கழிவாக அமிலத்தையும் வாயுவையும் வெளியே தள்ளுகின்றன. இட்லி மாவு ராத்திரியில் பொங்கிப் புளிப்பதும் இதே வகை வேலைதான். மாவில் உருவாவது பெரும்பாலும் லாக்டிக் அமிலம். பூனையின் பெருங்குடலில் மிஞ்சுவது அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்.

இந்த மூன்றும் வீணாய்ப் போவதில்லை. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். புரோப்பியனேட் கல்லீரலுக்குப் போய் குளுக்கோஸ் ஆகிறது. அசிட்டேட் ரத்தத்தில் கலந்து மற்ற திசுக்களுக்குப் போகிறது. குடல் சுவர் இந்த அமிலங்களை உறிஞ்சும்போது கூடவே சோடியமும் நீரும் உள்ளே இழுக்கப்படுகின்றன. மோஷன் உருண்டு கட்டியாவதில் இதற்குப் பங்கு உண்டு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பூனையின் பெருங்குடல் தசைத் துண்டுகளை ஆய்வகத்தில் வைத்து இந்த அமிலங்களை விட்டுப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் நீளவாக்குத் தசை சுருங்கியது. அதாவது நொதித்தலின் கழிவே குடலை அசைக்கும் தூண்டுதலாகவும் இருக்க முடியும். மலச்சிக்கல் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

3. மாடும் முயலும் இப்படித்தானே புல்லைச் செரிக்குது? பூனைக்கும் அதே மாதிரியா?

வேதியியல் ஒன்றுதான், அளவும் இடமும் வேறு. மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் சுமார் 70% இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. அதற்காக மாடு வயிற்றில் ஒரு பெரிய தொட்டியையே சுமந்து திரிகிறது. பூனையின் குருட்டுக்குடல் சில சென்டிமீட்டர் நீளத்தில் கமா போல வளைந்த ஒரு சின்னப் பை. பெருங்குடலை நீட்டி வைத்தாலும் ஒரு முழத்துக்கு மேல் போகாது. அங்கே உருவாகும் அமிலத்தால் பூனைக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம்.

வேடிக்கை என்னவென்றால், பூனையின் பெருங்குடலில் ஒரு மில்லி நீர்மத்தை எடுத்து அளந்தால் அதில் இருக்கும் அமிலத்தின் செறிவு தாவரம் தின்னும் பிராணிகளோடு ஒப்பிடக்கூடிய அளவில்தான் இருக்கிறது. ஆக, நொதித்தல் மந்தமாக நடக்கவில்லை. நடக்கும் இடம்தான் சின்னது.

இடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டின் தொட்டி சிறுகுடலுக்கு முன்னால் இருப்பதால் நுண்ணுயிர்கள் தயாரிக்கும் புரதமும் பி வைட்டமின்களும் பின்னால் சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன. முயலுக்குத் தொட்டி பின்னால். அதனால் அது தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்று அந்தச் சத்தை மீட்டுக்கொள்கிறது. பூனைக்கும் தொட்டி பின்னால்தான், ஆனால் அது தன் மலத்தைத் தின்பதில்லை. அமிலங்களைத் தவிர மற்றது பெரும்பாலும் லிட்டர் தட்டுக்குத்தான், அதாவது பூனை கழிக்கும் மணல் தட்டுக்குத்தான் போகிறது.

4. நார்னா நார்தானே? எந்த நாராயிருந்தா என்ன?

இந்தத் தொகுப்பில் நான் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: நார் என்பது ஒரே பொருள் இல்லை. எவ்வளவு வேகமாக நொதிக்கிறது, தண்ணீரில் ஊறிக் கூழாகிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் 'ஃபைபர் கொடுங்க' என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

செல்லுலோஸ் பூனையின் குடலில் ஏறக்குறைய நொதிப்பதே இல்லை. உள்ளே போன மாதிரியே வெளியே வந்து மோஷனின் பருமனைக் கூட்டும். பெக்டின், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், சிக்கரி வேரில் இருக்கும் இனுலின், ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு ஆகியவை வேகமாக நொதித்து அமிலத்தையும் வாயுவையும் கொட்டும். நடுவில் நிற்பது பீட் சக்கை. இது நாம் பொரியல் செய்யும் பீட்ரூட்டின் சக்கை இல்லை. சர்க்கரை எடுப்பதற்காக வளர்க்கும் வெள்ளைக் கிழங்கைப் பிழிந்த பின் மிஞ்சுவது. இசப்கோல் தனி ரகம்: ஊறிக் கூழாகும், ஆனால் அதிகம் நொதிக்காது. அதனால் அந்தக் கூழ் கடைசிவரை கூழாகவே இருந்து மோஷனில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

1995-இல் சன்வோல்டும் சக ஆய்வாளர்களும் பூனை மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் கண்ணாடிக் குழாயில் வைத்து, பலவகை நார்களைப் போட்டுப் பார்த்தார்கள். மேலே சொன்ன வரிசை பெரும்பாலும் அங்கே தெரிந்தது. அப்புறம் அதே நார்களை உயிருள்ள பூனைகளுக்கு உணவில் கொடுத்தார்கள். வேகமாக நொதிக்கும் பிசின்களின் கலவையைத் தின்ற பூனைகளுக்குச் செரிமானமும் குறைந்தது, மோஷனும் இளகியது. குழாயில் முதலிடம் பெற்றது பூனையிடம் தோற்றது. மிதமாக நொதிக்கும் நாரைத் தயாரிப்பாளர்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

5. பாக்கெட்ல 'க்ரூட் ஃபைபர் 4%'னு போட்டிருக்கு. அது போதுமா?

அந்த எண்ணை வைத்து நொதித்தலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 1860-களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னெபெர்க், ஸ்டோமன் இருவரும் மாட்டுத் தீவனத்துக்காக வகுத்த முறையில் அளப்பது அது. உணவை நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, பிறகு காரத்தில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை எடை போடுவார்கள். பெக்டின், இனுலின், பிசின் எல்லாம் கரைந்து போய்விடும், கணக்கிலேயே வராது. ஆகவே நன்றாக நொதிக்கும் நார் நிறைய இருந்தும் க்ரூட் ஃபைபர் 2% என்று போட்டிருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு உட்பொருள் பட்டியலைப் படியுங்கள்: செல்லுலோஸ், பீட் பல்ப் (பீட் சக்கை), சைலியம் (இசப்கோல்), சிக்கரி, இனுலின் என்று எது எழுதியிருக்கிறது என்பதே உங்களுக்குத் தேவையான தகவல்.

6. எங்க பூனை எலி, பல்லி, குருவின்னு பிடிச்சுத் தின்னுடுது. அதுல நார் எங்கே இருக்கு?

முடி, இறகு, தோல், குருத்தெலும்பு, தசைநார் என்று இருக்கிறது. இரையில் பூனையால் முழுசாகச் செரிக்க முடியாத இந்தப் பகுதிகளை 'விலங்கு நார்' என்கிறார்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சிறுத்தைகளில் (சீட்டா எனும் சிவிங்கிப்புலி) ஆராய்ந்தார்கள். சிறுத்தையின் மலத்து நுண்ணுயிர்களிடம் கொடுத்தபோது கொலாஜென், குருத்தெலும்பில் இருக்கும் காண்ட்ராய்டின் போன்றவை நன்றாக நொதித்தன. முடி அசையவே இல்லை. ஆக இரையிலும் நொதிக்கும் நார், நொதிக்காத நார் என்று இரண்டும் கலந்தே இருக்கின்றன.

பிறகு அதே குழு சிறுத்தைகளுக்குச் சில காலம் வைட்டமின் கலந்த மாட்டிறைச்சியையும் சில காலம் முழு முயலையும் கொடுத்துப் பார்த்தது. முழு முயல் தின்ற காலத்தில் மலத்தில் இண்டோல், ஃபீனால் போன்ற அழுகல் பொருட்கள் குறைந்தன. தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை மட்டும் வேகவைத்துப் போட்டு 'இயற்கை உணவு' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்காக வேகவைத்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள். அது பிளந்து குடலைக் குத்தும்.

7. பால் குடிச்சா வயித்தால போகுது. பால்ல நார் இல்லையே, இதுக்கும் நொதிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். குட்டிப் பருவம் தாண்டியதும் பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் நார் போலவே பெருங்குடலுக்கு வருகிறது. அதுவும் மிக வேகமாக நொதிக்கும் நார் போல. 100 மில்லி பசும்பாலில் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு அது பெரிய சுமை. சர்க்கரை தண்ணீரை இழுக்கும், நுண்ணுயிர்கள் அமிலத்தையும் வாயுவையும் கொட்டும், மோஷன் பீய்ச்சியடிக்கும். 4-வது பதிலில் பிசின் கலவை தின்ற பூனைகளுக்கு நடந்ததன் இன்னொரு வடிவம் இது.

8. அப்போ தயிர்சாதம்? பாட்டி காலத்துலேர்ந்து அதுதானே போட்டோம்.

தயிரில் லாக்டோஸ் பாலைவிட ஓரளவு குறைவு, அதனால் பல பூனைகள் தாங்கிக்கொள்ளும். சோறும் நன்றாகக் குழைய வெந்திருந்தால் பெரும்பகுதி செரித்துவிடும். பூனையின் கணையத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நாய்க்கு இருப்பதில் ஏறக்குறைய 5% அளவே இருக்கிறது என்றாலும் வெந்த மாவுச்சத்தை மிதமான அளவில் அது சமாளிக்கிறது. அரைவேக்காடாக இருந்தாலோ நிறையக் கொடுத்தாலோ மிச்சம் பெருங்குடலில் போய் நொதிக்கும்.

பாட்டி காலத்துப் பூனை தயிர்சாதத்தில் வாழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது மீன் தலையும் நெல் குதிரில் எலியும் தின்று வாழ்ந்தது. தயிர்சாதம் கூடுதல் வரும்படி. இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அடைந்து கிடக்கும் பூனைக்கு அதை மட்டும் போட்டால் கதை வேறு.

9. மோஷன் தாங்க முடியாத நாத்தம். நார் கொடுத்தா குறையுமா?

குறையலாம். செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனால் அதையும் நுண்ணுயிர்கள் தின்னும். அப்போது வெளிவருபவை அம்மோனியா, இண்டோல், ஃபீனால், ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூக்கைப் பொத்தவைப்பது இவைதான். நொதிக்கக்கூடிய நார் கையில் கிடைத்தால் பல பாக்டீரியாக்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளும். புரதச் சிதைவு ஓரளவு குறையும். 6-வது பதிலில் முழு முயல் தின்ற சிறுத்தைகளிடம் பார்த்ததும் இந்தத் திசையில்தான்.

ஆனால் நாற்றத்துக்கு முதல் காரணம் மட்டமான, செரிக்கக் கடினமான புரதமாகவும் இருக்கலாம், குடற்புழுவாகவும் இருக்கலாம். குட்டிகளில் திடீரென்று வரும் தாங்க முடியாத நாற்றத்துக்கு நான் முதலில் மோஷன் பரிசோதனைதான் செய்யச் சொல்வேன்.

10. மூணு நாளா மோஷன் போகலை. இசப்கோல் கொடுக்கலாமா?

முதலில் ஒரு விஷயம். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்குகிறது என்றால் அது மலச்சிக்கலா, சிறுநீர் அடைப்பா என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சிறுநீர் அடைப்பு என்றால் ஒரு நாள் தாமதமே உயிரைப் பறிக்கும். லிட்டரில் ஈரக் கட்டி இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

சிறுநீர் போகிறது, சாப்பிடுகிறது, வாந்தி இல்லை, மோஷன் மட்டும் காய்ந்து புழுக்கையாக வருகிறது என்றால் இசப்கோல் நல்ல தேர்வு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011-இல் மலச்சிக்கல் உள்ள பூனைகளுக்கு சைலியம், அதாவது இசப்கோல் உமி கலந்த உலர் உணவைக் கொடுத்தபோது பெரும்பாலானவற்றுக்கு மோஷன் சீரானது. ஒப்பிட வேறொரு குழுவை வைக்காத ஆய்வு அது, இருந்தாலும் எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கால் டீஸ்பூனுக்கும் குறைவாக எடுத்து, வெட் ஃபுட்டிலோ வேகவைத்து மசித்த மீனிலோ தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு வையுங்கள். கரண்டியை நிமிர்த்தினால் வழவழவென்று நூலாக இறங்க வேண்டும். உலர்ந்த உமியை டிரை ஃபுட் மேல் தூவினால் அது பூனையின் குடலிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும், சிக்கல் கூடும். ஆரஞ்சு வாசனை, இனிப்பு, பேதி மருந்தான சென்னா சேர்த்த டப்பாக்கள் வேண்டாம். வெறும் உமி போதும்.

மூன்று நாள் முழுசாகப் போகவில்லை, சோர்வு, வாந்தி என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். வாயில் விளக்கெண்ணெய், பாரஃபின் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றுவிடும்.

11. யூடியூப்ல எல்லாரும் பரங்கிக்காய்ங்கறாங்களே?

மஞ்சள் பூசணி, அரசாணி என்று ஊருக்கு ஒரு பெயரில் விற்கும் அதே காய்தான். கெடுதல் இல்லை. ஆனால் பச்சைப் பரங்கியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் நார் அரை கிராம் அளவுதான். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது டப்பாவில் அடைத்த கெட்டி விழுது, அதில்கூட 100 கிராமுக்கு 3 கிராம் அளவே இருக்கும். நீங்கள் கொடுக்கும் ஒரு ஸ்பூனில் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிந்தால் அதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. 'மஞ்சளா இருக்கு, வைட்டமின் ஏ' என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும் திறன் பூனைக்குக் கிட்டத்தட்ட இல்லை.

12. ஒரு டாக்டர் நார் கூட்டச் சொன்னார், இன்னொருத்தர் குறைக்கச் சொன்னார். எங்க பூனைக்கு மெகாகோலன். யாரை நம்ப?

மெகாகோலன் என்பது பெருங்குடல் விரிந்து தளர்ந்துபோகும் நோய். இரண்டும் சரியாக இருக்கலாம், நோயின் கட்டம் வேறு. பெருங்குடல் இன்னும் சுருங்கி விரியும் நிலையில் இருந்தால் 10-வது பதிலில் சொன்னபடி கூழாகும் நார் உதவும். மெகாகோலன் முற்றிவிட்டால் தசை தொய்ந்துபோய் அசையவே அசையாது. அங்கே பருமனைக் கூட்டுவது அடைத்துக் கிடக்கும் தெருவுக்குள் இன்னும் லாரிகளை அனுப்புவதுதான். அப்போது நன்றாகச் செரித்து மிச்சம் குறைவாக விடும் உணவே சரி. பைக்கில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்து, அது கோணலாகக் கூடி, மலம் போகும் வழியே குறுகிவிட்ட பூனைகளும் இந்த வகையில் சேரும். நம் தெருப் பூனைகளில் இது நிறைய.

13. லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தாங்க. அது மனுஷங்க மருந்தாச்சே?

மருந்து அதேதான், அளவு வேறு. அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். லாக்டுலோஸ் ஒரு செயற்கைச் சர்க்கரை. அதை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டிக்கும் இல்லை. 7-வது பதிலில் தொந்தரவாக இருந்த காரியத்தை இங்கே வேண்டுமென்றே, அளந்து செய்கிறோம்: அது பெருங்குடலுக்குப் போய் நொதித்து, அமிலமாகி, தண்ணீரை இழுத்து, மோஷனை இளக்குகிறது. அளவு கூடினால் வயிற்றால் போகும்.

கல்லீரல் கெட்டுப்போன பூனைகளுக்கும் இதே சிரப் எழுதுவோம், காரணம் வேறு. நொதித்தலால் பெருங்குடலில் அமிலத்தன்மை கூடும்போது அங்கே இருக்கும் அம்மோனியா அம்மோனியம் அயனியாக மாறுகிறது. அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியாமல் மோஷனோடு வெளியேறுகிறது. மூளையைக் குழப்பும் அம்மோனியாவைக் குடலிலேயே பிடித்து வைக்கும் வழி இது.

14. ஹேர்பாலுக்கு நார் வேலை செய்யுமா?

ஹேர்பால், அதாவது நக்கி விழுங்கிய முடி உருண்டைக்குச் சில நார்கள் வேலை செய்யும். பிரேசிலில் கரும்புச் சக்கை நாரை உணவில் கலந்து பார்த்த 2014 ஆய்வில் மோஷனில் முடிக் கற்றைகள் குறைந்தன. செல்லுலோஸுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இது நொதித்தலைவிட நாரின் இழை நீளத்தையும் குடல் அசைவையும் சார்ந்த விஷயம். வாரத்துக்குச் சில தடவை முடியைச் சீவி விடுவது எந்த நாரையும்விட மலிவு.

15. அருகம்புல் திங்குதே, நார்ச்சத்துக்காகவா?

புல்லில் பூனைக்கு நொதித்துக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தின்ற புல் இலை இலையாகவே வெளியே வரும், மேலேயோ கீழேயோ. உடம்பு சரியில்லாமல்தான் தின்கிறது என்ற நம்பிக்கையும் தவறு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் பூனை வளர்ப்போரிடம் கேட்டறிந்தபோது, பெரும்பாலான பூனைகள் புல் தின்பதற்கு முன் நன்றாகவே இருந்தன. பூச்சி மருந்து அடிக்காத புல் என்றால் விட்டுவிடுங்கள்.

16. ஆன்டிபயாடிக் கொடுத்ததுக்கு அப்புறம் வயிறு சரியில்லை. ப்ரீபயாட்டிக் கொடுக்கட்டுமா?

ஆன்டிபயாடிக் கெட்ட பாக்டீரியாவை மட்டும் தேடிக் கொல்வதில்லை. நாரை நொதிக்கும் கூட்டமும் குறைகிறது. தேறிவர வாரக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் நாரைத் திடீரென்று கூட்டினால் அதைத் தின்ன ஆளில்லாமல் மோஷன் இன்னும் இளகலாம். நான் பொதுவாக வழக்கமான உணவையே சிறுசிறு வேளையாகக் கொடுக்கச் சொல்வேன். தேறிய பிறகு, வேண்டுமானால், மிகக் கொஞ்சமாக ப்ரீபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு. 2010-இல் வந்த ஒரு ஆய்வில் இதைத் தின்ற பூனைகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா கூடியது.

இனுலின் எடுக்கும் சிக்கரி வேர் நம் ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கும் அதே சிக்கரிதான். உடனே டிகாஷன் கொடுக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. கூடாது, காஃபீன் விஷம். வெங்காயம், பூண்டிலும் இதே வகை நார் உண்டு. ஆனால் அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பிலிருந்து கழுவி எடுத்த மீன் துண்டுகூட வேண்டாம்.

17. சர்க்கரை வியாதிப் பூனைக்கு ஹை ஃபைபர் உணவுதானே நல்லது?

முன்பு அப்படித்தான் சொன்னோம். செல்லுலோஸ் அதிகமுள்ள உணவில் சர்க்கரை அளவு மேம்பட்டதை 2000-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் 2006-இல் 63 பூனைகளை வைத்து ஒப்பிட்டபோது, மாவுச்சத்தும் நாரும் குறைவான டப்பா உணவு தின்றவற்றில் 68% நாலு மாதத்தில் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டன. மிதமான மாவுச்சத்தும் அதிக நாரும் உள்ள உணவில் 41%. இன்று முதல் தேர்வு மாவுச்சத்தைக் குறைப்பதுதான். குண்டாகவும் இருந்து, பசி பசி என்று கத்தும் பூனைக்கு நார் இன்னும் பயன்படுகிறது.

நொதிக்கும் நாருக்கு இங்கே ஒரு சுவாரசியமான பங்கு இருக்கலாம். 6-வது பதிலில் சொன்ன கென்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளுக்கு இனுலின் வகை நார் கொடுத்தபோது, குடலில் உருவான புரோப்பியனேட் உடம்பின் வளர்சிதை மாற்றத்துக்குள் நுழைந்ததற்கான தடயம் ரத்தத்தில் தெரிந்தது. பூனை தன் குளுக்கோஸை எப்போதும் அமினோ அமிலங்களிலிருந்து தயாரிக்கும் பிராணி. அதில் ஒரு சிறு பங்கைப் புரோப்பியனேட் ஏற்றுக்கொண்டால் அவ்வளவு புரதம் மிச்சம். ஊசி அளவை மாற்றும் காரணமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

18. கிட்னி உணவுல ஏன் நார் சேர்க்கிறாங்க?

9-வது பதிலில் சொன்ன இண்டோல் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்ஃபேட் என்ற நச்சுக் கழிவு ஆகிறது. சிறுநீரகம் சரியாக இருந்தால் அது வெளியேறிவிடும். சிறுநீரகம் தளர்ந்த பூனைகளின் ரத்தத்தில் அது தேங்குகிறது. நொதிக்கும் நாரைக் கொடுத்தால் பாக்டீரியாக்கள் பெருகும். பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும் யூரியாவின் நைட்ரஜனையும் பிடித்துத் தங்கள் உடம்பாக்கி மோஷனோடு போய்விடும் என்பது எண்ணம். கருத்தாக அழகானது. நடைமுறையில் பாஸ்பரஸைக் குறைப்பதும் தண்ணீர் குடிக்கவைப்பதும்தான் முதலில்.

19. நார் கூடினா டாரின் குறையும்னு படிச்சேன். உண்மையா?

சில நார்களில் உண்மை. பூனை தன் பித்த அமிலங்களை டாரினோடு மட்டுமே இணைக்கும். குடலுக்கு வரும் அந்த டாரினைச் சிறுகுடலில் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நார் பித்தத்தைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாலோ, நுண்ணுயிர்கள் பெருகினாலோ, டாரினை அவை தின்றுவிடும். டாரின் குறைந்தால் இதயம் பெருத்துச் செயலிழக்கும் என்பதை கால்நடை மருத்துவர் பால் பியானும் (Paul Pion) சக ஆய்வாளர்களும் 1987-இல் நிறுவினார்கள். அடைத்துச் சூடேற்றிய டப்பா உணவில் புரதத்தின் செரிமானம் குறைந்து நுண்ணுயிர்கள் அதிகம் பெருகுகின்றன. அதனால்தான் அமெரிக்கத் தரநிலை உலர் உணவுக்கு 0.1% டாரின் என்றால் டப்பா உணவுக்கு 0.2% கேட்கிறது.

நம் ஊருக்குப் பொருந்தும் எச்சரிக்கை தவிடு. அரிசித் தவிடு சேர்த்த உணவு தின்ற பூனைகளின் டாரின் அளவு குறைந்ததை 2002 ஆய்வு காட்டியது. நார்ச்சத்து என்று நினைத்துத் தவிட்டைப் பிசைந்து போடாதீர்கள்.

20. நாங்க சைவம். நுண்ணுயிர்தான் செடியை நொதிச்சுச் சத்தாக்குதே, பூனைக்கும் சைவமே கொடுத்தா என்ன?

3-வது பதிலின் கடைசிப் பத்தியை மறுபடி பாருங்கள். மாட்டுக்கு நடப்பது பூனைக்கு நடக்காது. தொட்டி சின்னது, இருப்பதும் தவறான பக்கம். பூனையின் நுண்ணுயிர்கள் நாரிலிருந்து கொடுப்பது மூன்று அமிலங்கள். டாரின், அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், வைட்டமின் ஏ இவற்றில் எதையும் அவை செய்து கொடுப்பதில்லை. டாரினை அவை தின்னவே செய்கின்றன என்று இப்போதுதான் பார்த்தோம்.

வீட்டுக்குள் கறி சமைக்க மனம் இல்லாத குடும்பங்களிடம் நான் சொல்வது, மூடிய பாக்கெட்டில் வரும் முழுமையான வெட் ஃபுட்டை வாங்கி, தனித் தட்டும் தனிக் கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பலர் பால்கனியில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். புதிய உணவுக்கு ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குடலுக்குள் இருக்கும் கூட்டமும் புதுச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற அந்த அவகாசம் வேண்டும்.